நாற்பத்தேழாம் பக்கத்துச் சொல்

கொதி என்றால் என்னவென்று சபாநாயகத்துக்கு இன்று காலை ஏழே முக்காலுக்குத்தான் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம். பத்தொன்பது வருஷம் தெரியாமல் இருந்தவர் இன்னும் ஒரு நான்கு மணி நேரம் தெரியாமல் இருந்திருந்தால் என்ன குடியா முழுகியிருக்கும்? பேச வேண்டியதைப் பேசி, சால்வையை வாங்கிக்கொண்டு, சாயங்கால ரயிலில் ஏறி மாயவரம் போய்ச் சேர்ந்திருப்பார். இப்போது நாகர்கோவிலில் ஒரு மாடி அரங்கில், மேடையின் மூன்றாவது நாற்காலியில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருக்கிறார். ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பேராசிரியர் டேவிட்சன் பேசுகிறார், அவர் முடித்ததும் சபாநாயகத்தின் முறை. இரண்டு நாற்காலி தள்ளி ஹெலன் தங்கபாய், இன்றைக்கு இரண்டாம் பதிப்பு வெளியாகும் ருமேனிய நாவலை ஆங்கிலம் வழியாகத் தமிழில் மொழிபெயர்த்தவர், கைக்குட்டையை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். காலையில் ரயில் நிலையத்துக்கு எதிரே இருந்த ஓட்டலில் இட்லி தின்னப் போனதுதான் வினை. பக்கத்து மேஜையில் ஒரு தாயும் நான்கு வயதுப் பெண்குழந்தையும். குழந்தை வாசலைப் பார்த்து உட்கார்ந்து நெய் ரோஸ்டைப் பிய்த்துக்கொண்டிருந்தது. வாசலில் பொட்டலத்துக்காக நின்றவர்கள் அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மக்களே, இந்தால திரும்பி இருந்து தின்னு. ஆளுவ பாக்கினும். கொதி விழும்" என்றாள் தாய். வாய்க்குக் கொண்டுபோன இட்லி பாதி வழியில் நின்றது. என்னம்மா சொன்னீங்க என்று சபாநாயகம் கேட்டார், கேட்காமல் இருக்க முடியவில்லை. "பசிச்ச ஆளு பாத்துக்கிட்டு நிக்கும்போ பிள்ளை தின்னா வயிறு வலிக்கும் சார், ஓங்கரிக்கும். உப்பு ஓதிக் குடுத்தா மாறும்" என்றாள் அவள், ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்லும் குரலில். கண்ணு படறதுன்னு நாங்க சொல்வோமே, அதா என்றார். அவள் சிரித்தாள். "கண்ணு வேற சார், கொதி வேற."

கண்ணு வேற, கொதி வேற. டேவிட்சன் என்னென்னவோ பேசுகிறார், சபாநாயகத்தின் காதில் அது மட்டும்தான் விழுந்துகொண்டிருக்கிறது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் எழுதியதை அவருக்கு இப்போதும் மனப்பாடமாகச் சொல்லத் தெரியும், தன் எழுத்தை மனப்பாடம் செய்வதில் அவருக்கு எப்போதுமே சோம்பல் இருந்ததில்லை. 'கடல் கடந்த பக்கங்கள்' என்று ஒரு சிற்றிதழில் மாதாமாதம் எழுதிவந்தார். ஐஸ்லாந்திலிருந்து சிலி வரைக்கும் ஒரு நாடு பாக்கி வைக்கவில்லை. தொலைபேசி இலாகாவில் பகல் முழுக்க மற்றவர்களின் அறுந்த கம்பிகளைப் பற்றிய புகார்களை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் சாய்வு நாற்காலியில் உலகத்தைப் படித்த மனிதர். அந்த மாதம் ஹெலன் தங்கபாயின் மொழிபெயர்ப்பு தபாலில் வந்திருந்தது. நாற்பத்தேழாம் பக்கத்தில் 'பிள்ளைக்குக் கொதி விழுந்துவிட்டது' என்று ஒரு வரி. கையில் நமைச்சல் எடுத்தது. 'குழந்தைக்குக் கொதி விழுந்துவிட்டது என்கிறார் மொழிபெயர்ப்பாளர். அடுப்பில் விழுந்ததா அண்டாவில் விழுந்ததா என்பதையும் சொல்லியிருந்தால் நாமும் ஓடிப்போய்த் தூக்கியிருப்போம்' என்று எழுதினார். எழுதிவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தார். தலைப்பு, 'ருமேனியாவில் கொதிக்கும் தமிழ்'. அடுத்த பக்கத்தில் குழந்தைக்கு உடம்பு சுடுவதாக வருகிறது, ஆகவே இது காய்ச்சல்தான், பாவம் அந்த அம்மாளுக்குக் காய்ச்சலுக்கும் கொதிப்புக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று அவருக்கு ஐயமே இல்லாமல் தெரிந்துவிட்டது. ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்கலாம். அது திருச்சி நண்பரிடம் இருந்தது, ஒரு கடிதம் போட்டால் வந்துவிடும், போடவில்லை. ஆனால் பத்தி கொஞ்சம் கனம் குறைவாகத் தெரிந்தது. அதனால் ஒரு வரி சேர்த்தார். 'மூல மொழியில் இச்சொல் சாதாரணக் காய்ச்சலையே குறிக்கிறது என்பதைப் புக்காரெஸ்டில் பல்லாண்டு வசித்த என் நண்பர் ஒருவர் உறுதிப்படுத்தினார்.' அப்படி ஒரு நண்பர் கிடையாது. புக்காரெஸ்டில் வசித்தவர் இருக்கட்டும், பம்பாயில் வசித்த நண்பர்கூட சபாநாயகத்துக்குக் கிடையாது.

நகைச்சுவை ஊர் ஊராகப் போயிற்று. மதுரைக் கூட்டத்தில் ஒருவர் இன்னொருவரின் மொழிபெயர்ப்பை 'கொதி விழுந்தது' என்றார், அரங்கமே சிரித்தது. சென்னையில் ஒரு பதிப்பகத்தில் திருத்துவதற்கு வரும் கையெழுத்துப் பிரதிகளைக் கொதி அதிகம், கொதி குறைவு என்று தரம் பிரிக்கிறார்கள் என்று யாரோ தொலைபேசியில் சொன்னபோது சபாநாயகத்துக்கு உச்சி குளிர்ந்துபோனது. தமிழுக்குத் தான் ஒரு சொல் கொடுத்திருப்பதாக நினைத்துக்கொண்டார். ஒரு சொல்லைப் பிடுங்கியிருக்கிறோம் என்று இப்போது தெரிகிறது. ஹெலன் தங்கபாய் அதற்குப் பிறகு ஒரு வரிகூட வெளியிடவில்லை. கருங்கல் பக்கம் ஏதோ ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றார் என்பதே சபாநாயகத்துக்கு இந்த அழைப்பிதழைப் பார்த்துத்தான் தெரியும். அழைப்பிதழில் 'நூலை வெளியிட்டுச் சிறப்புரை: சபாநாயகம்' என்று இருந்தது. அந்த அம்மாவே கேட்டாங்க சார், நீங்கதான் வெளியிடணுமாம் என்றார் பதிப்பாளர் சுயம்பு. பெருந்தன்மை என்று சபாநாயகம் எடுத்துக்கொண்டார், அந்த அம்மாளுடையது அல்ல, தன்னுடையது.

இன்று பத்து மணிக்கு அரங்கத்தின் வராந்தாவில் காகிதக் கோப்பையில் தேநீரோடு அந்த அம்மாளே எதிரில் வந்து நின்றார். வெள்ளைப் புடவை, மெலிந்த மணிக்கட்டு, பெரிய கடிகாரம். புத்தகத்தைப் பிரித்து முன்னுரையைக் காட்டினார். 'முதல் பதிப்பில் நேர்ந்த பிழையைச் சுட்டிக்காட்டி என் அறியாமையைப் போக்கிய மதிப்பிற்குரிய திரு. சபாநாயகம் அவர்களுக்கு நன்றி. நாற்பத்தேழாம் பக்கத்தில் அது திருத்தப்பட்டுள்ளது.' சபாநாயகம் நாற்பத்தேழாம் பக்கத்தைத் திருப்பினார். 'பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.' "நீங்க எழுதினது சரிதான் சார். அது மலையாளமாக்கும். எங்க பக்கம் பாதியும் அதுதான பேசுவோம். எனக்க அம்மை சொன்ன சொல்லு, தமிழாக்கும்னு நெனச்சு எழுதிப்போட்டேன்" என்று சொல்லிச் சிரித்தார் அந்த அம்மாள், சின்னப் பிள்ளையில் செய்த தப்பைச் சொல்கிறவர் மாதிரி. அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா என்றார் சபாநாயகம். வாய் அதைச் சொன்ன நேரத்தில் உள்ளே ஒருவன், இப்போ சொல்லு, இங்கேயே சொல்லு, யாருமில்லை, ரெண்டே பேர் என்று விலாவில் இடித்துக்கொண்டிருந்தான். சொல்வதற்கு வாயைத் திறக்கவும் செய்தார். அந்த அம்மாள் முந்திக்கொண்டார். "எனக்க மக கொச்சுப்பிள்ளைக்குச் சோறு குடுக்கும்போ ஒருக்க அந்தச் சொல்லைச் சொல்லிட்டா சார். எனக்கு எங்கிருந்துதான் தேச்சியம் வந்ததோ, செவுட்டுல ஒண்ணு குடுத்துட்டேன். பிள்ளை பெத்தவளப் போய் அடிக்கலாமா? பெறவு எங்க வீட்டுல ஆரும் அதைச் சொல்லுகதில்ல." இதற்கும் சிரித்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "அந்த ருமேனியாக்காரு, ஒங்க நண்பர், நல்லா இருக்காரா சார்?" என்றார். சபாநாயகத்தின் நாக்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இறந்துட்டார்மா, ரெண்டு வருஷமாச்சு. அந்த அம்மாளின் முகம் வாடிப்போனது. "பேரு சொல்லுங்க சார், ஜெபத்துல சேத்துக்கிடுகேன்." கிருஷ்ணமூர்த்தி என்றார் சபாநாயகம். பிறக்காத மனிதனைக் கொன்று, பேர் வைத்து, ஜெபத்துக்கும் அனுப்பிவிட்டுத் தேநீரைக் குடித்து முடித்தார்.

டேவிட்சன் இப்போது கையை ஆட்டிப் பேசுகிறார். என்ன சொல்கிறார்? தொற்றுநோய்க் காலத்தின் மாபெரும் குறியீடு என்கிறார். கடவுளே. சபாநாயகம் நாற்காலியில் நெளிந்தார். நாவலில் நடப்பது இதுதான்: பஞ்ச காலத்து மலைக் கிராமம், ஒரு குழந்தை வாசற்படியில் உட்கார்ந்து கொழுப்புத் தடவிய ரொட்டி தின்கிறது, எதிர்வீட்டு விதவை மூன்று நாள் பட்டினியோடு சன்னலில் நின்று அதைப் பார்க்கிறாள், அன்று குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுகிறது. ஊர் அவளைக் கை காட்டுகிறது. உன் பசி எங்கள் பிள்ளைகள் மேல் விழக் கூடாது, சன்னலை அடை என்கிறது. அவளே மண் குழைத்து, கல் எடுத்து, தன் சன்னலைத் தானே உள்ளிருந்து அடைக்கிறாள். அடைத்த சன்னலுக்குப் பின்னால் பசியில் செத்துப்போகிறாள். அவ்வளவும் தொங்குவது அந்த ஒரு சொல்லில். ஆங்கிலத்தில் என்ன இருந்தது? இருபத்தைந்து வருஷத்துக்கு முன் படித்தது, ஆனால் காலையில் அந்தத் தாய் சொன்ன நிமிஷமே அந்த வரி எங்கிருந்தோ எழுந்து வந்துவிட்டது. பசித்த கண் குழந்தைமேல் விழுந்துவிட்டது, அப்படித்தான் இருந்தது. அந்த ஆங்கிலக்காரர் மூன்று சொல்லைக் கோத்துத் தடவித் தடவிச் சொன்னதை இந்தக் கருங்கல் டீச்சர் ஒரே சொல்லில் அடித்திருக்கிறார். மூலத்திலும் ஒரே சொல்லாகத்தான் இருந்திருக்கும். யார் கண்டது, உலகத்திலேயே ருமேனியாவிலும் இந்த விளவங்கோட்டுப் பக்கத்திலும் மட்டும்தான் அதற்கு ஒற்றைச் சொல் இருக்கிறதோ என்னவோ. இப்போது அது காய்ச்சல். காய்ச்சலுக்கு ஏன் ஒருத்தி சன்னலை அடைக்க வேண்டும்? வாசகன் கேட்பான் இல்லையா, டேவிட்சனும் கேட்டிருக்கிறார், தானே பதிலும் கண்டுபிடித்துவிட்டார்: காய்ச்சல் பரவாமலிருக்க விதவை தனிமைப்படுத்தப்படுகிறாள். ஐம்பது வருஷத்துக்கு முன்பே இந்த ஆசிரியர் முகக்கவசத்தைக் கண்டுவிட்டார் என்கிறார். முன்வரிசையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் அதை நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். பசி என்ற சொல்லே டேவிட்சனின் வாயில் வரவில்லை. சபாநாயகம் எழுந்துபோய் ஒலிபெருக்கியைப் பிடுங்கி நிறுத்தலாம். அந்த உரிமை இந்த அரங்கில் அவருக்கு ஒருவருக்குத்தான் இருக்கிறது, அந்தத் தகுதியும் அவருக்கு ஒருவருக்குத்தான் இல்லை.

ஒப்புக்கொள்கிறவர்களை அவர் எத்தனை பேரைப் படித்திருக்கிறார். உலக இலக்கியம் என்பதே பாதி ஒப்புதல் வாக்குமூலம்தான் என்று ஒரு தடவை எழுதிக் கைதட்டு வாங்கியவர். ஒரு நார்வே நாவலில், படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கிற கிழவன் எண்பது வயதில் தன் பொய்யைச் சொல்லப் போகிறான், கேட்க வேண்டியவளுக்குக் காது போய்விட்டிருக்கிறது, அவன் சத்தமாகச் சொல்லச் சொல்ல ஊரே கேட்கிறது, அவள் மட்டும் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு சபாநாயகம் அன்று சாப்பிடவில்லை. ஒரு நைஜீரியக் கதையில் தையல்காரி ஒருத்தி பிணத்துக்கு அளவெடுக்கப் போன இடத்தில் திருடிய வளையலை முப்பது வருஷம் கழித்துக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள், வாங்குகிறவள் அதைப் போட்டுப் பார்க்கிறாள், கை பெருத்துவிட்டது, ஏறவில்லை. அதற்கு மூன்று பக்கம் எழுதினார். கொரியாவில் ஒரு மகன், சிலியில் ஒரு நீதிபதி, எத்தனை நாட்டுக் குற்றவாளிகளின் தோளில் இவர் கை போட்டு நடந்திருக்கிறார். எல்லோரையும் மன்னித்தார், தாராளமாக. புத்தகத்தில் முந்நூறாவது பக்கத்தில் ஒருவன் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும்போது மன்னிப்பதில் என்ன கஷ்டம்? புத்தகத்தை மூடினால் அவன் போய்விடுகிறான். மனைவி கௌரி ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தாள்: எங்கியோ இருக்கிறவன் செத்தா ராத்திரி பூரா அழுவுறீங்க, பக்கத்து வீட்டு மாமாவுக்குத் தோள் கொடுக்கக் கூப்பிட்டா முதுகு வலிங்கிறீங்க. அவள் கர்ப்பப்பையை எடுக்க ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் வராந்தாவில் உட்கார்ந்து ஒரு போலந்துக் குடும்பத்தின் நான்கு தலைமுறையைப் படித்துக்கொண்டிருந்தவர்தான். நர்ஸ் வந்து கௌரிக்கு யார் என்று கேட்டாள். அந்தக் குடும்பத்தில் அப்போது பேத்திக்குப் பிரசவம் நடந்துகொண்டிருந்தது, இவர் விரலை வைத்துப் பக்கத்தை மூடிவிட்டு, ஒரு நிமிஷம் என்றார். கௌரி கதவுக்கு உள்ளே அதைக் கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்த பிறகு அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதற்குப் பிறகு அவர் படிப்பதைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. சரி, அது இப்போது எதற்கு? இப்போது விஷயம் கொதி.

சொல்லிவிடுவதுதான். எப்படிச் சொல்வது? நண்பர்களே, இந்த மேடையில் ஒரு குற்றவாளி நிற்கிறான். வேண்டாம், நாடகம். நண்பர்களே, இன்று காலை ஒரு குழந்தையும் ஒரு தாயும் எனக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தார்கள். இது நன்றாக இருக்கிறது. ஓட்டலில் ஆரம்பித்து, இட்லி பாதி வழியில் நின்றதைச் சொல்லி, கண்ணு வேற கொதி வேற என்று அந்தத் தாயின் குரலிலேயே சொல்லி, ஒரு இடைவெளி விட்டு, பத்தொன்பது வருஷத்துக்கு முன் நான் சிரித்தேன், இன்று அந்தச் சொல் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. ஆகா. அரங்கம் எழுந்து நிற்கும். என்ன மனுஷன்யா என்பார்கள். அடுத்த மாதக் கட்டுரைக்கும் ஆயிற்று. சபாநாயகத்துக்குக் கண் கலங்கியது, தன் நேர்மையை நினைத்து. சட்டென்று கிருஷ்ணமூர்த்தி வந்து முன்னால் நின்றான். உறுதிப்படுத்திய நண்பர்? அவர் எப்படித் தப்பாக உறுதிப்படுத்தினார் என்று யாராவது கேட்டால்? கேட்பார்கள். மூன்றாவது வரிசை ஓரத்தில் அந்தக் கண்ணாடிக்காரர், கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று ஆண்டும் பக்கமும் கேட்கிற ஆள், அவர் கேட்பார். தெரியாமல் தப்புச் செய்தேன் என்றால் கைதட்டுவார்கள். இல்லாத சாட்சியைச் சொன்னேன் என்றால்? அப்புறம் ஐஸ்லாந்தும் பொய், சிலியும் பொய், எதை எடுத்தாலும் அதிலும் ஒரு கிருஷ்ணமூர்த்தி இருப்பானோ என்று தோண்டுவார்கள். தோண்டினால் இருக்கவும் செய்வான். லிஸ்பனில் ஒரு பேராசிரியை, சியோலில் ஒரு நூலகர், இப்படி நாலைந்து பேரை அவர் அங்கங்கே குடியேற்றித்தான் வைத்திருக்கிறார். பக்கத்தில் சுயம்பு குனிந்து காதில் சொன்னார்: "சார், ஜனவரியில ஒங்க தொகுப்பு வரும்லா, அதுல அந்தக் கொதிக் கட்டுரைதான் மொதல்ல வச்சிருக்கேன். இன்னைக்கு அதத் தொட்டுக் கொஞ்சம் பேசிருங்க." சபாநாயகம் தலையசைத்தார். எதற்குத் தலையசைத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டு நாற்காலி தள்ளி அந்த அம்மாளைப் பார்த்தார். டேவிட்சன் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் அவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். தன் நாவலில் விதவைக்கு என்ன ஆயிற்று என்பதை இப்போதுதான் தெரிந்துகொள்கிறவர் மாதிரி. சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டால் நான் மனுஷனே இல்லை. பொய்ச்சாட்சியை விட்டுவிட்டுச் சொல் சரியானது என்பதை மட்டும் சொன்னால் போதும், அந்தச் சொல் பிழைத்துக்கொள்ளும், மகளை அடித்த கைக்கும் ஒரு பதில் ஆகும். போதும், அது போதும். நல்ல மனிதர்கள் எல்லோரும் பாதியைத்தான் ஒப்புக்கொள்கிறார்கள்.

பெயரைச் சொன்னார்கள். எழுந்தபோது முழங்கால் சத்தம் போட்டது. ஒலிபெருக்கி டேவிட்சனின் உயரத்துக்கு இருந்தது, தாழ்த்தினார்கள், ஊதிப் பார்த்தார்கள். எண்பது பேர் இருக்கும். எல்லா முகத்திலும் அந்த எதிர்பார்ப்பு, சபாநாயகம் பேசப்போகிறார் என்றால் வரும் எதிர்பார்ப்பு, அது தெரிந்ததும் முழங்கால் வலி எங்கேயோ போய்விட்டது. வணக்கம் என்றார். நாவல் என்றார். இந்த நாவலில் நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு சொல் இருந்தது என்றார். அடுத்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது: அந்தச் சொல்தான் சரி. "அந்தச் சொல்..." என்று ஆரம்பித்தார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவ்வளவுதான். ஒரு சிரிப்பு அடுத்த வரிசைக்குத் தாவியது, தெரிந்தவர்கள் தெரியாதவர்களிடம் குனிந்து சொன்னார்கள், அவர்களும் சிரித்தார்கள், முன்வரிசைக் கல்லூரிப் பெண்கள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். சிரிப்பு வந்து மேடையில் மோதியபோது சபாநாயகத்துக்கு உடம்பெல்லாம் இதமாக இருந்தது. இவ்வளவு பிரியமாக யாரும் தன்னைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. கௌரி போன பிறகு வீட்டில் அவர் சொல்லிச் சிரிக்க ஒரு ஆள் கிடையாது. ஒரு நிமிஷம், இதை ஒரே ஒரு நிமிஷம் அனுபவித்துவிட்டு அப்புறம் சொல்லிவிடலாம். "அடுப்புல விழுந்துதா அண்டாவுல விழுந்துதான்னு நான் அப்பவே கேட்டேன்" என்றார். அரங்கம் வெடித்தது. "இத்தனை வருஷமா யாரும் பதில் சொல்லல. இன்னிக்கு அம்மாவே தூக்கிப் போட்டுட்டாங்க. குழந்தை பொழைச்சுக்கிச்சு" என்றார். இது புதிது, இந்த இடத்திலேயே பிறந்தது, பழையதைவிட நன்றாக இருந்தது. டேவிட்சன் தொடையில் தட்டிச் சிரித்தார். சபாநாயகம் பக்கவாட்டில் பார்த்தார். ஹெலன் தங்கபாய் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சபாநாயகம் இருபது நிமிஷம் பேசினார். மொழிபெயர்ப்பாளனுக்கு வேண்டியது இரண்டு மொழி அறிவு அல்ல, தன் பிழையை ஏற்கிற பணிவு, அதற்கு இந்த அம்மா ஓர் உதாரணம் என்றார். ஐஸ்லாந்துக்குப் போனார், நைஜீரியாவுக்குப் போனார், நார்வேக் கிழவனின் காதுகேளாத காதலியைச் சொல்லும்போது அவர் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. கண்ணாடிக்காரர் ஒன்றும் கேட்கவில்லை.

சால்வை போர்த்தினார்கள், படம் எடுத்தார்கள், கூட்டம் படியில் இறங்கத் தொடங்கியது. சபாநாயகத்துக்கு இப்போது லேசாக இருந்தது, லேசாக இருப்பதைப் பற்றிக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, அந்த வெட்கம் இருப்பதால் தான் அப்படியொன்றும் மோசமில்லை என்று சமாதானமாகவும் இருந்தது. ரயிலில் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதிவிடலாம், நேரில் சொல்வதைவிட அது விரிவாக இருக்கும். அப்போதுதான் ஹெலன் தங்கபாய் ஒரு துணிப்பையோடு வந்தார். பைக்குள்ளிருந்து நூல் போட்டுக் கட்டிய காகிதக் கட்டு ஒன்றை எடுத்தார், முந்நூறு பக்கமாவது இருக்கும், கையெழுத்து. "ஆருட்டயும் சொல்லல்ல சார். இத்தன வருசமா கொஞ்சம் கொஞ்சமா செய்தேன். இன்னொரு நாவலாக்கும். ஒங்கள மாதிரி ஒருத்தரு பாத்துத் தந்தா அச்சுக்குக் குடுக்கலாம்னு இருக்கேன். இல்லேன்னா வேண்டாம்." கட்டைச் சபாநாயகத்தின் கையில் வைத்தார். "எங்க ஊரு சொல்லுன்னு சந்தேகம் வந்ததுக்கெல்லாம் அடியில செவப்புல கோடு போட்டிருக்கேன். தமிழில்லாததையெல்லாம் நீங்க தயங்காம வெட்டிருங்க."

சபாநாயகம் நூலை அவிழ்த்து முதல் பக்கத்தைப் பார்த்தார். அங்கே கோடு போட்டிருந்த சொற்களில் நான்கைந்து அவருக்குத் தெரியாதவை, படித்ததும் வாயில் சுவையாகப் புரண்டவை. நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்தார். கோடுகள் கூடியிருந்தன. 'வெளிச்சம்' என்பதற்கு அடியில் கோடு. 'கண்ணீர்' என்பதற்கு அடியில் கோடு. கடைசிப் பக்கங்களுக்குப் போனார். அங்கே வரிக்கு நாலு கோடு இருந்தது, சிவப்பைப் பார்த்தால் கறுப்பு எழுத்தே தெரியவில்லை. 'மழை பெய்தது' என்று ஒரு வரி, இரண்டே சொல், இரண்டுக்கும் கோடு, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. அவர் எதைப் பார்க்கிறார் என்று எட்டிப் பார்த்த அந்த அம்மாள் வெட்கத்தோடு சொன்னார். "மலையாளத்துலயும் மழைன்னுதான சார் சொல்லுகாவ. அதான் எனக்குப் பிடி கிட்டல்ல. மழை நம்மளுக்குள்ளதா, அவங்களுக்குள்ளதா?"

இதற்குப் பதில் சொல்ல ஒரு நொடி போதும். மாயவரத்தில் மூன்று வயதுக் குழந்தை சொல்லும். சபாநாயகம் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். எதிரே நிற்கிற அம்மாள் மூச்சுவிடாமல் தன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரிந்தது. இப்படி யாரும் அவர் வாயைப் பார்த்ததில்லை.

"வச்சிட்டுப் போங்கம்மா" என்றார். "பாத்துச் சொல்றேன்."